சாம்பியனுக்கும் வயசாகும்!

2001-ம் வருடம், ஜூலை மாதம். லண்டன் விம்பிள்டன் சென்டர் கோர்ட்.

ஒரு பக்கம் பீட் சாம்ப்ராஸ். விம்பிள்டன் கோப்பையை ஏழு முறை தூக்கியவர். அந்தப் புல்தரையில் தொடர்ந்து 31 ஆட்டங்களில் தோல்வியே பார்க்காதவர். எதிர்ப்பக்கம் பின்னந்தலையில் குடுமி போட்ட ஒரு ஸ்விஸ் பையன். வயசு 19. பேர் ரோஜர் ஃபெடரர். 'நாலாவது ரவுண்டுதானே... சாம்ப்ராஸ் ஊதித் தள்ளிடுவார்' என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஐந்து செட் வரை இழுத்தது. கடைசி செட் 7-5. ஜெயித்தது... குடுமிப் பையன்!

இருபது வருஷம் ஓடியது. 2021-ல் அதே விம்பிள்டன். இப்போது சாம்பியன் ஃபெடரர். எட்டு விம்பிள்டன் கோப்பைகளுக்குச் சொந்தக்காரர். நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாசம்தான் பாக்கி. கால் இறுதியில் எதிரே நின்ற போலந்துக்காரர் ஹூபர்ட் ஹுர்காட்ஸுக்கு 24 வயசு. மூன்று செட்டிலும் ஃபெடரருக்குத் தோல்வி. கடைசி செட்டில் ஒரு கேம்கூட கிடைக்கவில்லை, 6-0!

ஃபெடரருக்கு டென்னிஸ் மறந்துபோச்சா? இல்லை. அந்த மணிக்கட்டு அதே மணிக்கட்டுதான். அப்படியானால் எது போச்சு? டென்னிஸ் மட்டையைக் கையால் தொடாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஏனென்றால், சாம்பியன்களுக்கு 30-ல் நடப்பதுதான் நமக்கு 45-ல் மாடிப்படியில் நடக்கிறது!

அரை நொடி விளையாட்டு

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ், எதிராளியை எட்ட ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். அதற்குள் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் நகர்ந்து, கை வீச வேண்டும்.

'வயசானா கண்ணும் மூளையும் மந்தமாகிடும், அதான் தோற்கிறாங்க' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைகூட இல்லை. இருபதுகளிலிருந்து முப்பதுகளுக்கு வரும்போது மூளையின் சுறுசுறுப்பு மிக மெல்லத்தான் குறைகிறது. பேப்பரைக் கையை நீட்டித் தள்ளிப்பிடித்துப் படிக்க வைக்கும் வெள்ளெழுத்து எட்டிப் பார்ப்பதும் நாற்பதை ஒட்டித்தான். ஆக, கண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சமாசாரம் காலில் இருக்கிறது.

இரண்டு வகை தசை

நம் தசைகளில் முக்கியமாக இரண்டு வகை இழைகள் உண்டு. ஒன்று, மாட்டு வண்டி மாதிரி. மெதுவாக, ஆனால் ரொம்ப நேரம் உழைக்கும். நடக்க, நிற்க, வீட்டு வேலை பார்க்க உதவுவது இது. இன்னொன்று, குதிரை மாதிரி. சட்டென்று பாயும், சீக்கிரம் களைத்துவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும், வழுக்கும்போது காலை ஊன்றிச் சமாளிக்கும்போதும், டென்னிஸ் கோர்ட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவும்போதும் வேலை செய்வது இந்தக் குதிரைதான்.

வயசு ஏறும்போது முதலில் இளைப்பது குதிரை. மாடு அல்ல!

உடற்பயிற்சி எதுவும் இல்லாத ஒருவருக்கு முப்பது வயசுக்கு மேல் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். அதனால்தான் பத்து கிலோ மீட்டர் தெம்பாக நடக்கிற தாத்தா, பாத்ரூமில் கால் வழுக்கும்போது சமாளிக்க முடியாமல் விழுந்துவிடுகிறார். நடக்கிற தசை இருக்கிறது; தாங்கிப் பிடிக்கிற தசை இளைத்துப் போய்விட்டது.

இதயமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதிகபட்சமாக நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கலாம் என்பதற்கு டாக்டர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு, 220-லிருந்து வயசைக் கழிப்பது. இருபது வயசுக்காரருக்கு 200. நாற்பது வயசுக்காரருக்கு 180. பயிற்சி இதயத்தைப் பலப்படுத்தும். ஆனால் இந்த உச்சவரம்பை உயர்த்தாது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்கள் இந்தச் சரிவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். நிறுத்த முடியாது.

மறுநாள் காலையில்தான் தெரியும்

இதெல்லாம் இருந்தும் பெரிய சாம்பியன்கள் ஒரு நாள் ஆட்டத்தில் யாரையும் ஜெயித்துவிடுவார்கள். சிக்கல் அடுத்த நாள் ஆட்டத்தில்தான்!

மறுபடி சாம்ப்ராஸையே எடுத்துக்கொள்வோம். 2001 அமெரிக்க ஓப்பன். கால் இறுதியில் ஆந்த்ரே அகாஸியோடு நாலு செட். நாலும் டை பிரேக்கர் வரை போனது. சனிக்கிழமை அரை இறுதியில், முந்தைய வருஷம் இதே போட்டியின் இறுதியில் தன்னைத் தோற்கடித்த 21 வயசு மராத் சஃபினைப் பழிதீர்த்தார். ஞாயிற்றுக்கிழமையே இறுதி ஆட்டம். எதிராளி 20 வயசு லேட்டன் ஹூவிட். முதல் செட்டில் டை பிரேக்கர் வரை ஈடுகொடுத்தார் சாம்ப்ராஸ். அதற்குப் பிறகு? 6-1, 6-1. முந்தின நாள் பார்த்த சாம்ப்ராஸ் எங்கே போனார் என்று தேட வேண்டியிருந்தது.

கடுமையாக உழைக்கும்போது தசை இழைகளில் நுணுக்கமான கிழிசல்கள் விழுகின்றன. சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து காலியாகிறது. ராத்திரி நாம் தூங்கும்போது உடம்பு ஒரு தையல்காரர் மாதிரி உட்கார்ந்து கிழிசலையெல்லாம் தைக்கிறது. இருபது வயசில் அந்தத் தையல்காரர் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிடுவார். வயசு ஏற ஏற, 'நாளைக்கு வாங்க சார்... நாளன்னிக்கு வாங்க' என்று இழுத்தடிப்பார்!

இதற்குக் காரணங்கள் உண்டு. வயசானால் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. பழுது பார்க்கத் தூண்டும் ஹார்மோன் அந்த ஆழ்ந்த தூக்கத்தில்தான் நிறையச் சுரக்கும். அதே அளவு புரதம் சாப்பிட்டாலும், இளவயசில் தசை அதை எடுத்துக்கொண்ட மாதிரி இப்போது எடுத்துக்கொள்வதில்லை. தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண்களின் நெகிழ்வும் குறைகிறது.

ஆகவே, வயசு திருடுவது திறமையை அல்ல, ஆறுகிற வேகத்தை. இதைப் புரிந்துகொண்ட சாம்பியன்கள் இன்னும் பல வருஷம் ஆடினார்கள். புரியாதவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அகாஸிக்குக் கீழ் முதுகெலும்பில் பிறவியிலேயே கோளாறு. 36 வயசில், 2006 அமெரிக்க ஓப்பனில், முதுகு வலிக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடினார். இரண்டாவது ரவுண்டில் 21 வயசு மார்கோஸ் பக்தாதிஸை ஐந்து செட்டில் ஜெயித்தார். ஆட்டம் முடிந்ததும் இருவருமே வலியில் துடித்தபடி ஓய்வறையில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் படுத்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். இளைஞருக்கும் வலிதான். ஆனால், அடுத்த ரவுண்டு ஆட வேண்டியவர் 36 வயசுக்காரர்! அதில் தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்த பெஞ்சமின் பெக்கர் என்பவரிடம் தோற்றார். அதோடு டென்னிஸுக்கே விடை சொன்னார்.

தேயாத சொத்து

வயசு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறது: அனுபவம்.

நல்ல ஆட்டக்காரர் பந்தைப் பார்த்து ஓடுவதில்லை. எதிராளியின் தோள், இடுப்பு, மட்டை திரும்பும் கோணம் இதையெல்லாம் வைத்து, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்துவிடுகிறார். அகாஸி சொன்ன ஒரு சுவாரஸ்யம்: சர்வீஸ் புயல் போரிஸ் பெக்கர் பந்தைப் போடுவதற்கு முன் நாக்கை லேசாக நீட்டுவாராம். அது எந்தப் பக்கம் நீளுகிறதோ, அதை வைத்துப் பந்து போகும் திசையைக் கண்டுபிடித்துவிட்டாராம் அகாஸி! முதல் மூன்று ஆட்டங்களில் பெக்கரிடம் தோற்றவர், பிறகு மோதியவற்றில் பெரும்பாலானவற்றை ஜெயித்தார்.

நம்ம சென்னை விஜய் அமிர்தராஜும் இந்தப் பாடத்தைப் படித்தவர்தான். 1973 அமெரிக்க ஓப்பனில், 19 வயசில், 35 வயசு ஜாம்பவான் ராட் லேவரை ஐந்து செட்டில் சாய்த்தார். இளசு பெருசை ஜெயித்துவிட்டது என்று உலகமே பேசியது. ஆனால் கால் இறுதியில் காத்திருந்தவர் லேவரைவிட மூத்தவர்! கென் ரோஸ்வால், 38 வயசு. நேர் செட்களில் விஜய்யை அனுப்பிவைத்தார்.

அதே ரோஸ்வால் மறு வருஷம் 39 வயசில் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் இறுதி ஆட்டம் வரை போனார். இரண்டிலும் ஜிம்மி கானர்ஸிடம் தோல்வி. அமெரிக்க இறுதியில் மூன்று செட்டிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது இரண்டே கேம். அனுபவம் வயசைத் தள்ளிப்போடும், ஒழித்துவிடாது.

நீடித்தவர்களின் ரகசியம்

ஒன்று: ஓய்வு. 2016-ல் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஃபெடரர், அந்த வருஷ விம்பிள்டனுக்குப் பிறகு ஆறு மாசம் ஆடவே இல்லை. 'கதை முடிஞ்சது' என்றார்கள். 2017 ஜனவரியில் திரும்பி வந்து ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். வயசு 35! பிறகு களிமண் தரைப் போட்டிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, விம்பிள்டனில் ஒரு செட்கூட இழக்காமல் ஜெயித்தார். எதை ஆட வேண்டும் என்பதைவிட எதை விட வேண்டும் என்று தெரிந்துகொண்டதில் இருந்தது வெற்றி.

இரண்டு: மாற்றம். ஃபெடரர் 2014-லேயே தன் பழைய மட்டையை விட்டுவிட்டு, பெரிய முகம் உள்ள மட்டைக்கு மாறியிருந்தார். இதற்கு நேர்மாறு ஸ்வீடன் நாட்டு பியான் போர்க். 1991-ல் 34 வயசில் மறுபடி ஆட வந்தபோது, மற்றவர்கள் நவீன மட்டைகளோடு ஆடிக்கொண்டிருக்க, அவர் தன் பழைய மர மட்டையோடு இறங்கினார். முதல் ரவுண்டிலேயே வெளியேற்றம்.

மூன்று: பாரத்தைப் பங்கு போடுவது. மார்ட்டினா நவ்ரத்திலோவா 1988 விம்பிள்டன் இறுதியில், 31 வயசில், 19 வயசு ஸ்டெஃபி கிராஃபிடம் கோப்பையைப் பறிகொடுத்தார். 1990-ல் மீண்டும் வென்றார். பிறகு மெல்ல இரட்டையர் ஆட்டத்துக்கு நகர்ந்தார். ஐம்பது வயசு நிறைய ஒரு மாசம் இருக்கும்போது, 2006-ல் அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டம்! நம்ம ரோஹன் போபண்ணா கதையும் அப்படித்தான். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து அவதிப்பட்டவர், ஐயங்கார் யோகாவைப் பிடித்துக்கொண்டார். 2024-ல் 43 வயசில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்றார்.

நோவாக் ஜோகோவிச்சைச் சொல்லாமல் விட முடியுமா? 2023 விம்பிள்டன் இறுதியில் 36 வயசு ஜோகோவிச்சை 20 வயசு கார்லோஸ் அல்கராஸ் 4 மணி 42 நிமிஷம் போராடி ஜெயித்தார். அடுத்த வருஷம் ஜூன் மாசம் ஜோகோவிச்சுக்கு முழங்கால் ஆபரேஷன். ஜூலையில் விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸிடம் நேர் செட்களில் தோல்வி. மூன்றே வாரம் கழித்து பாரீஸ் ஒலிம்பிக் இறுதியில் அதே அல்கராஸை வென்று தங்கம்! தோல்வி ஒரு தகவல். தீர்ப்பு அல்ல என்று எடுத்துக்கொண்டவர் அவர்.

மனசு தோற்கும்போது

உடம்பைவிட மனசு முந்திக்கொண்டு தோற்பதும் உண்டு. போர்க்கையே பாருங்கள். 1981-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டு இறுதியிலும் ஜான் மெக்கன்ரோவிடம் தோற்றார். இரண்டாவது தோல்வியன்று பரிசளிப்பு விழாவுக்குக்கூட நிற்காமல் வெளியேறினார். 26 வயசில் ஓய்வை அறிவித்தார். அது உடம்பு தோற்கிற வயசா?

செரீனா வில்லியம்ஸுக்கு 2017-ல் மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து, உயிருக்கே ஆபத்து. மீண்டு வந்து நாலு முறை கிராண்ட் ஸ்லாம் இறுதிக்குப் போனார். நாலிலும் தோல்வி. அதில் இரண்டு முறை எதிரே இருந்தவர்கள் 20 வயசு நவோமி ஒசாகாவும், 19 வயசு பியான்கா ஆண்ட்ரீஸ்குவும். ஒசாகா, செரீனாவைப் பார்த்தே வளர்ந்த ரசிகை! கோப்பை வரவில்லைதான். ஆனால் ஆபரேஷன் படுக்கையிலிருந்து நாலு இறுதி ஆட்டம் வரை வந்ததைத் தோல்வி என்று எந்தத் தாய் சொல்வாள்?

'நான் யார்?' என்ற கேள்விக்கு 'நான் ஜெயிக்கிறவன்' என்ற ஒரே பதிலை வைத்திருப்பவருக்குத்தான் முதல் தோல்வி இடியாக இறங்குகிறது. ஆபீஸில் நேற்று வந்த பையன் கம்ப்யூட்டரில் நம்மை முந்தும்போதும், கேரம் போர்டில் மகன் நம்மை ஜெயிக்கும்போதும், 'அத்தை, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்' என்று மருமகள் கரண்டியை வாங்கிக்கொள்ளும்போதும் சுருக்கென்று வலிக்கிறதே... அதே வலிதான். அதற்கு மருந்து, வேறு ஒரு பதிலையும் கைவசம் வைத்திருப்பது. சொல்லிக்கொடுக்கிறவர், வழிகாட்டுகிறவர், ரசிக்கிறவர். மகன் ஜெயித்தால், கற்றுக்கொடுத்தவருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு!

நம் வீட்டு சாம்பியன்களுக்கு

* பல வருஷம் சும்மா இருந்துவிட்டு நாற்பதுக்கு மேல் ஷட்டில், டென்னிஸ் என்று இறங்குபவர்கள் முதலில் டாக்டரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'காலேஜ்ல நான் சாம்பியன்' என்பது மெடிக்கல் சர்டிஃபிகேட் ஆகாது.

* எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள். பத்து நிமிஷம் நடந்து, கை கால்களை அசைத்து உடம்பைச் சூடாக்கிய பிறகே ஆட்டம்.

* ஆறு நாள் நாற்காலி, ஏழாம் நாள் மூன்று மணி நேர ஆட்டம் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரியான பயிற்சியைப் பிரித்துச் செய்யுங்கள். கடுமையாக ஆடிய நாளுக்கு மறுநாள் ஓய்வு அல்லது லேசான நடை.

* வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மாடிப்படி ஏறுவது போதும். பெண்களுக்கும் இது அவசியம். வீட்டு வேலை பார்ப்பது மட்டும் இதற்கு ஈடாகாது.

* ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் தையல்காரருக்கு நூல் கிடைக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அளவை முடிவு செய்யுங்கள்.

* தூக்கத்தைத் திருடாதீர்கள். ஏழு மணி நேரத் தூக்கம், பயிற்சியின் ஒரு பகுதிதான்.

* மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடவே கூடாது. மாத்திரை வலியை மறைக்கும்; காயத்தை ஆற்றாது. தொடர்ந்து போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

* ஆடும்போது நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றல்... எது வந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். 'கேஸ் டிரபுளா இருக்கும்' என்று சோடா குடித்து நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, சாம்ப்ராஸ் கதையின் மிச்சம். அந்தக் குடுமிப் பையனிடம் தோற்ற பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் அவருக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. 'போதும், ஓய்வு எடுங்க' என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். 2002 செப்டம்பரில், 31 வயசில், அமெரிக்க ஓப்பனை வென்று தன் 14-வது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட போட்டிக்காக ஆடாமல், மறு வருஷம் அதே மைதானத்தில் விடைபெற்றுக்கொண்டார்.

எப்போது போராடுவது, எப்போது மட்டையைக் கீழே வைப்பது என்று இரண்டும் தெரிந்திருந்தது அவருக்கு. வயசோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. சமாதானமாகப் போனவர்கள்தான் ரொம்ப நாள் ஆடியிருக்கிறார்கள்!